நான் அபினை விட்டது உனக்காக அல்ல

சுப்பையா,

நீ எழுதிய கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடச் சொல்லியிருந்தாய். போடவில்லை. உன் அப்பாவுக்கும் செல்விக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். உன் அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். செல்விதான், "அண்ணன் ஏன் இப்புடி எழுதுது?" என்று கேட்டாள். உன் கல்யாணத்துக்கு வருகிற பெண் வீட்டார் யாராவது, ஒரு வருஷம் நான் வீட்டில் இல்லாமல் போனதைப் பற்றிக் கேட்டால், மஞ்சள்காமாலை என்று சொல்லிவிட வேண்டும். அபின் என்ற சொல் என் வாயிலிருந்து வரக் கூடாது. பட்டணத்து ஆபீசில் உன்னோடு வேலை பார்ப்பவர்களும் வருகிறார்கள். இதுதானே நீ கேட்டது? முடியாது. கோபத்தில் சொல்லவில்லை, இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஏன் முடியாது என்பதற்கு ஒரு பக்கம் போதாது. உட்கார்ந்து படி.

சமஸ்தானம் போய் நாம் சென்னை மாகாணத்தோடு சேர்ந்த வருஷம் செல்வி பிறந்தாள். உனக்கு ஒன்பது வயது. மூன்று நாள் வலி. ஊர் மருத்துவச்சி தன்னால் ஆனதையெல்லாம் செய்தாள், பிள்ளையும் நானும் உயிரோடு இருந்தோம், அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. முப்பதாம் நாள் கடலைக் காட்டில் களையெடுக்கக் குனிந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது, அடிவயிற்றில் ஏதோ இறங்கியிருக்கிறது என்று. உட்கார்ந்தால் வலி, நடந்தால் வலி, குடத்தைத் தூக்கினால் உயிர் போகும். ஒரு பெண் இதை யாரிடம் சொல்வது? உன் அப்பாவிடமே வயிற்று வலி என்றுதான் சொன்னேன். அவர் வைத்தியரிடமிருந்து லேகியம் வாங்கி வந்தார். சுண்டைக்காய் அளவு வாயில் போட்டேன். அரை நாழிகையில் வலி எங்கோ தள்ளிப் போய் நின்றுகொண்டது. எழுந்து உலை வைத்தேன். உனக்குத் தலை சீவிவிட்டேன். இதை நான் மறைக்கப் போவதில்லை: அந்த நாட்கள் நன்றாக இருந்தன. எனக்குப் பேய் பிடிக்கவில்லை, புத்தி கெடவில்லை. வலித்தது, ஒன்று அதை நிறுத்தியது, அதை எடுத்துக்கொண்டேன்.

பிறகு லேகியம் போதவில்லை. லேகியத்துக்குள் இருந்தது எது என்று தெரிந்ததும் அதையே வாங்கினோம். அப்போது சர்க்கார் கடையிலேயே விற்றார்கள். உன் அப்பாதான் சந்தைக்குப் போகிறபோது வாங்கி வருவார். நான் வலியில் புரள்வதைப் பார்க்க முடியாத மனுஷன் செய்தது அது, அவரைக் குறை சொல்லாதே. கடுகளவு, பிறகு உளுந்தளவு, பிறகு புளியங்கொட்டையில் பாதி. நேரம் தவறினால் கொட்டாவி மேல் கொட்டாவியாக வரும், மூக்கு ஒழுகும், கால் குடையும், மயிர்க்கால்கள் குத்திட்டு நிற்கும், வயிறு பிய்த்துக்கொண்டு போகும். அந்த நிலையில் நான் தின்றது வலிக்காக அல்ல, மனுஷியாக எழுந்து நிற்பதற்காக. நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அடுப்பு அணைந்து கிடக்கும், நான் சுவரில் சாய்ந்து கண் சொருகிக் கிடப்பேன், நீயே கஞ்சி காய்ச்சித் தங்கைக்கு ஊட்டுவாய். எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? எல்லாம் தெரிந்தது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். செல்வி அப்போது பத்து மாதக் குழந்தை. கண்மாய்க்குக் கீழே நடவு, பிள்ளை விடாமல் அழுகிறது, பல் முளைக்கிற நேரம். நடவுக்கு வந்த பெண்கள் சிலர் பிள்ளைக்கு ஒரு துளி அபின் கொடுத்துத் தூங்க வைப்பதைப் பார்த்திருக்கிறேன். என் விரல் நுனியில் ஒட்டியிருந்ததைத் தாய்ப்பாலில் குழைத்து அவள் நாக்கில் தடவினேன். தூங்கினாள். பொழுது சாயும்போதும் தூங்கினாள். மறுநாள் காலை வெயில் ஏறியும் கண் திறக்கவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. முகத்தில் தண்ணீர் அடித்து, உள்ளங்காலைக் கீறி, தோளில் போட்டு முற்றத்தில் நடந்துகொண்டே இருந்தேன். உச்சி வேளைக்கு ஒரு முனகல் முனகினாள். பிழைத்துக்கொண்டாள். இதைச் செல்விக்குப் போன வருஷம் நானே சொன்னேன். அவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை, நாலாம் நாள் பேசினாள். இப்போது நீ நினைப்பாய், அன்றோடு ஆத்தா அதைத் தூக்கி எறிந்திருப்பாள் என்று. இல்லை, சுப்பையா. அன்று நடுக்கம் தாங்காமல் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தின்றேன். பயம் என்னை எந்த ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நான் முதலில் போனது செல்விக்கு இரண்டு வயது நடக்கும்போது. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன். உன் அப்பா கட்டுச்சோற்று மூட்டையைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தார். வரிசையில் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். என் முறை வந்ததும் டாக்டர் என் கண் இமையை விலக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, வரிசை முழுக்கக் கேட்கும்படி, "அபின் திங்கிற பொம்பளயா நீ? புருசன் வேற கூட வந்துட்டாரு" என்றார். யாரோ சிரித்தார்கள். நிறுத்திவிட்டு வந்தால் பார்க்கலாம் என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நிறுத்த முடியாமல்தான் நான் வந்திருந்தேன். கட்டுச்சோற்றைப் பிரிக்காமலே திரும்பினோம். அதற்குப் பிறகு ஐந்து வருஷம் எந்த ஆஸ்பத்திரி வாசலையும் நான் மிதிக்கவில்லை. ஏன் சீக்கிரமே வைத்தியம் பார்க்கவில்லை என்று என்னைக் கேட்டவர்கள் நிறையப் பேர். அந்த வரிசையில் நின்று சிரித்தவர்களை யாரும் கேட்கவில்லை.

இடையில் உன் மாமனும் அப்பாவும் சேர்ந்து என்னைத் தானியம் போடுகிற உள்ளறையில் வைத்துப் பூட்டினார்கள். நல்லதென்று நினைத்துத்தான் செய்தார்கள். உன்னையும் செல்வியையும் மாமன் வீட்டுக்கு அனுப்பியதால் நீ பார்க்கவில்லை. ஒன்பது நாள். நான் பேண்டு, வாந்தியெடுத்து, கதவை நகத்தால் பிறாண்டி, வாயில் வரக் கூடாத வார்த்தையெல்லாம் சொல்லி உன் அப்பாவைத் திட்டினேன். பத்தாம் நாள் கதவைத் திறந்தபோது உடம்பில் அபின் இல்லை. வயிற்று வலி மட்டும் அப்படியே இருந்தது. எட்டு நாள் பொறுத்தேன். ஒன்பதாம் நாள் வாங்கினேன். "இவ திருந்தமாட்டா" என்று சொல்லிவிட்டுப் போன உன் மாமன், அதற்குப் பிறகு இந்த வீட்டுப் படியேறவில்லை.

பதினாறு வயதில் நீ சொன்ன சொல்லுக்கு இப்போது வருகிறேன். அதை நீ இன்னும் சுமந்துகொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். பரீட்சைக்குப் பணம் கட்டப் போன அன்று கையெழுத்துப் போட என்னைக் கூப்பிட்டாய், நான் எழுந்திருக்கவில்லை. "ஒனக்கு எங்களவிட அதுதான் பெருசு" என்று சொல்லிவிட்டுப் போனாய். அந்த வருஷமே நான் வைத்தியத்துக்குப் போனேன். அதனால் உன் சொல்தான் என்னை அனுப்பியது என்று நம் சொந்தத்தில் ஒரு கதை சுற்றுகிறது. நீயும் நம்புகிறாய். பிள்ளைக்காக விட்டாள் என்று கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு விஷம் இருக்கிறது: அப்படியானால் அதற்கு முன் ஏழு வருஷம் பிள்ளை மேல் பாசம் இல்லையா என்ற கேள்வி. அந்தக் கேள்வியோடுதான் நீ வளர்ந்தாய். உன் கண்ணில் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கேட்டுக்கொள், தின்ற நாட்களிலும் உன் மேல் பாசமாகத்தான் இருந்தேன். கண் சொருகிக் கிடந்தபோதும் நீ கஞ்சி கிண்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, வெந்நீரில் கையைச் சுட்டுக்கொள்ளப் போகிறானே என்றுதான் கிடந்தேன். பாசம் அபினை வெல்லவில்லை. அது அதனுடைய வேலையே இல்லை. உன் சொல்லைக் கேட்ட அன்று நான் செய்தது, இன்னும் கொஞ்சம் தின்றதுதான்.

என்னை அனுப்பியது யார் என்றால், பிரசவம் பார்க்கவென்று நம் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் சைக்கிளில் வருமே, அந்த நர்ஸம்மா ஞானம்மாள். அடுத்த வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்க வந்தவர், தண்ணீர் கேட்டு நம் வீட்டுக்குள் வந்தார். என் கண்ணைப் பார்த்த உடனே அவருக்குத் தெரிந்திருக்கும். எத்தனை நாளாகத் தின்கிறாய், வெட்கமில்லையா என்று வரும் என்று காத்திருந்தேன். அவர் செம்பைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, எங்க வலிக்குது ஒங்களுக்கு?" என்று கேட்டார்.

ஏழு வருஷத்தில் அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வலியுமில்லை ஒன்றுமில்லை, உங்கள் வேலையைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். அடுத்த மாதமும் தண்ணீர் கேட்டு வந்தார். அப்போது சொன்னேன், எல்லாவற்றையும். திருச்சிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே ஒரு லேடி டாக்டர் இருக்கிறார், கர்ப்பப்பை இறங்கினதைச் சரிசெய்யலாம், அபினையும் மெல்ல மெல்லக் குறைக்கலாம் என்றார். நிறுத்திவிட்டு அல்லவா வரச் சொல்வார்கள் என்று கேட்டேன். "யாரு சொன்னா? தின்னுட்டே வாங்க. இன்னைக்கே வரணும்னு இல்ல. அடுத்த வருசம் வந்தாலும் சேத்துக்குவாங்க" என்றார். ஒரு சீட்டில் டாக்டருக்கு நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டு சைக்கிளை எடுத்தார்.

நான் எட்டு மாதம் போகவில்லை. அந்த எட்டு மாதத்தில் ஞானம்மாள் வந்தபோதெல்லாம் தண்ணீர் குடித்தார், மழையைப் பற்றிப் பேசினார், ஏன் போகவில்லை என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. போன அன்று என்ன நடந்தது என்று பலபேர் கேட்டிருக்கிறார்கள். சாமி கனவில் வந்ததா, புருஷன் அடித்தானா என்று. ஒன்றும் நடக்கவில்லை. கடலை பறித்து முடிந்திருந்தது. குன்றாண்டார்கோவிலில் ஒரு சாமான் வாங்கப் போனேன். கீரனூர் போகிற பஸ் வந்து நின்றது, அங்கிருந்துதான் திருச்சிக்கு மாற வேண்டும். உட்கார இடம் இருந்தது. ஏறினேன். அவ்வளவுதான். தெரிந்த ஆள் ஒருவரைக் கூப்பிட்டு, "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரேன்னு எங்க வீட்டுல சொல்லிருங்க" என்றேன். மடியில் இரண்டு நாளைக்கு அபின் இருந்தது. போவது என்ற எண்ணம் எட்டு மாதமாக உள்ளே ஊறிக்கொண்டே இருந்திருக்கிறது. அது எந்த நாளில் காலைத் தூக்கி வைக்கும் என்று எனக்கே தெரியாது.

லேடி டாக்டர் எவ்வளவு தின்கிறேன் என்று கேட்டார். பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அவர் எழுதாமல் என்னையே பார்த்தார். "கொறச்சுச் சொன்னா ஒங்களுக்குத்தான் கஷ்டம். ரெண்டாம் நாளே துடிச்சிருவீங்க" என்றார். உண்மையைச் சொன்னேன். மருந்தாகவே அளந்து கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்தார்கள். சுகமாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளறையில் பட்டதில் கால் பங்குகூட இல்லை. உன் அப்பா நாலாம் நாள் வந்து சேர்ந்தார், மூன்று ஆஸ்பத்திரி தேடி அலைந்துவிட்டு. கட்டிலருகே நின்றுகொண்டு, "சொல்லியிருந்தா கூட வந்திருப்பேன்ல" என்று மட்டும் சொன்னார். குறைத்து முடித்த பிறகு ஆபரேஷன் செய்தார்கள். ஏழு வருஷம் கழித்து முதன்முறையாக வலிக்காமல் உட்கார்ந்தேன்.

ஊருக்குத் தெரிந்த கதை இதோடு முடிகிறது. உண்மையில் அது முடியவில்லை. வீட்டுக்கு வந்த நாலாம் மாதம் என்னைப் பெற்றவள் செத்துப் போனாள். எழவு வீட்டில் அபின் பழக்கமுள்ள பழைய ஆள் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், விடும்போது என் உள்ளங்கையில் ஓர் உருண்டை இருந்தது. பன்னிரண்டு நாள் தின்றேன். பதின்மூன்றாம் நாள் திரும்பவும் அதே பஸ் ஏறினேன். சுப்பையா, முதல் தடவை போனதைவிட இது கஷ்டம். ஆபரேஷன் செய்து, சோறு போட்டு அனுப்பியவர்கள் முகத்தில் போய் நிற்க வேண்டும். டாக்டர் என்னைப் பார்த்ததும், "வந்துட்டீங்கள்ல, நல்லது" என்று சொல்லிப் பழைய கட்டிலையே காட்டினார். நீ எல்லோரிடமும் மறைக்கச் சொல்கிற அந்த வருஷத்தில் நான் இரண்டு முறை போனேன். என் வாழ்நாளில் நான் செய்ததிலேயே எனக்குப் பெருமையான காரியம் அந்த இரண்டாவது முறைதான். அதைக் காமாலை என்று சொல்லுவேனா?

இப்போது உன் மாமனார் வீட்டு விஷயம். போன வாரம் அறந்தாங்கியிலிருந்து உனக்கு மாமியாராகப் போகிற மீனாட்சி தனியாக வந்திருந்தது. முகூர்த்தப் புடவை நிறம் கேட்க வந்ததாகச் சொன்னது. அதற்கு ஒரு கார்டு போதும். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "மதினி, நீங்க போன ஆஸ்பத்திரி இன்னும் இருக்கா?" என்று கேட்டது. நீ மறைக்கச் சொல்கிற கதை அவர்களுக்கு நிச்சயதார்த்தத்துக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் பெண் கொடுக்கச் சம்மதித்தார்கள். உன் மாமனார் பனையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்ததிலிருந்து தின்கிறாராம், ஒன்பது வருஷமாக. சர்க்கார் கடைகளை மூடிய பிறகு மணமேல்குடிப் பக்கம் திருட்டுத்தனமாக வருவதை வாங்குகிறார். அதில் என்ன கலந்திருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். போலீஸ் பயம் வேறு. "எப்பத்தான் போவாரு மதினி? நானும் அழுது பாத்துட்டேன், பட்டினி கெடந்து பாத்துட்டேன்" என்றது. எனக்குத் தெரியாது என்றேன். உண்மை அதுதான்.

மறுநாள் மீனாட்சியோடு நானும் பஸ் ஏறி அறந்தாங்கி போனேன். அவர் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழ முயன்றார், வேண்டாம் என்றேன். என் கதையைச் சொன்னேன், உனக்கு எழுதியதுபோலவே, எதையும் விடாமல். செல்விக்குக் கொடுத்ததைச் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, "கல்யாணம் முடியட்டும் தங்கச்சி. மக தலையில அட்சதை போட்டுட்டுப் போறேன்" என்றார். சரி அண்ணே என்றேன். கீரனூரிலிருந்து எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மீனாட்சிக்கு என் மேல் வருத்தம், இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம் என்று.

இன்று மத்தியானம் அவர் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஊன்றுகோலோடு, இரண்டு பஸ் மாறி, யாரிடமும் சொல்லாமல். உன் அப்பாதான் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார். "அங்க படுக்க எடம் இருக்குமா?" என்றார். இருக்கும் என்றேன். கல்யாணம் என்று இழுத்தார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஆகவே உன் கல்யாணத்தை வைகாசியிலிருந்து ஆவணிக்குத் தள்ளிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. மீனாட்சிக்கு ஆள் அனுப்பியாயிற்று, பத்திரிகை இன்னும் அடிக்கவில்லை, உன் அப்பாவும் சரி என்றுவிட்டார். உன் ஆபீசில் காரணம் கேட்டால் என்ன சொல்வாயோ அது உன் பாடு. என்னைக் கேட்பவர்களுக்கு நான் உள்ளதைச் சொல்வேன், மணவறையில் உன் பக்கத்தில் நின்றுகொண்டே சொல்வேன்.

நாளைக் காலை அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறேன். அவரிடம் நீ ஒருநாளும் ஏன் இத்தனை வருஷம் என்று கேட்காதே. ஏன் இன்று என்றும் கேட்காதே. இரண்டாவது வாரம்தான் ரொம்பத் துடிப்பார், கூட இருப்பவர்களைத் திட்டுவார், எழுந்து ஓடப் பார்ப்பார். அந்த வாரத்தில் பக்கத்தில் ஓர் ஆண்பிள்ளை இருந்தால் நல்லது. லீவு கிடைத்தால் பட்டணத்திலிருந்து நேராகத் திருச்சியில் இறங்கி வா, மிஷன் ஆஸ்பத்திரி என்று கேட்டால் குதிரை வண்டிக்காரர்கள் காட்டுவார்கள். வரும்போது உனக்கு மாற்று வேட்டியும் அவருக்குப் படித்துக் காட்ட ஏதாவது பேப்பரும் கொண்டு வா. வர மனமில்லை என்றால் வராதே. நான் இருக்கிறேன்.

உன் ஆத்தா